வீரைமலையில் ஏறியவர்கள்

திரியாய்,
10.02.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்காக நேற்றுப் பூசையிலும் மன்றாடினேன். காது இப்போது எப்படி? இடது பக்கம் இன்னமும் இரைகிறதா? போனில் கதைத்தால் உங்களுக்கு விளங்காது. வட்ஸ்அப்பில் நீட்டி எழுதினால் உங்களிடமிருந்து ஒரு கும்பிடுகிற கை மட்டும்தான் வருகிறது. அதனால் பழையபடி கடிதமே எழுதுகிறேன்.

இடமாற்றம் சரிவந்துவிட்டது. திரியாய்க்கு அங்காலே, புல்மோட்டை வீதியில் இருந்து உள்ளே மூன்று மைல் போகவேண்டிய ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் எல்லோரும் முஸ்லிம் பிள்ளைகள். மொத்தம் தொண்ணூற்றொரு பேர். கிழமை நாட்களில் திரியாயில் ஒரு ரீச்சரின் வீட்டில் தங்குகிறேன். வெள்ளி பின்னேரம் பஸ் பிடித்து திருகோணமலைக்கு, வீட்டுக்குப் போய்விடுவேன். உங்கள் மருமகன் மெல்ரோய்க்குத் துறைமுகத்தில் இந்த மாதம் முழுக்க இரவு வேலை. சமையல் அவர்தான். பருப்பு நன்றாக வைக்கப் பழகிவிட்டார்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது. பெரிய மலை இல்லை, ஆனால் சுற்றிவரக் காடும் வயலும் தட்டையாகக் கிடப்பதால் தனியாக எழும்பி நிற்கிறது. பேர் வீரைமலை. இந்த வருடம் பள்ளிக்கூடத்துக்கு அறுபதாவது ஆண்டு. மலர் ஒன்று போடப்போகிறார்கள். மலையின் வரலாற்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதச்சொல்லி அதிபர் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார். நான் படிப்பிப்பது விஞ்ஞானம் என்று சொல்லிப் பார்த்தேன். "மலையும் விஞ்ஞானம்தானே ரீச்சர்" என்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் பார்க்கிற விடுதிப் பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
றஜிதா

—

மன்னார்,
17.02.2025

அன்பு மகள் றஜிதாவுக்கு,

ஆண்டவர் உன்னையும் மெல்ரோயையும் காப்பாராக. உன்ர கடிதம் சனிக்கிழமை கிடைச்சது. காது அப்படியேதான். விடுதிப் பிள்ளைகள் பின்னால வந்து நிண்டு கூப்பிட்டுப்போட்டு, நான் திரும்பாட்டிச் சிரிக்குதுகள். சிரிக்கட்டும்.

பள்ளிக்கூடம் தூரம் எண்டு எழுதியிருக்கிறாய். மழைக்கு அந்தப் பக்கத்து ஓடை பெருகினால் பாதை நிண்டுபோகும், கவனம். வகுப்பில கதிரையில இருந்து படிப்பி, நெடுக நிக்காதே, உனக்கு முழங்கால் நோவு. கருவாடு கொஞ்சம் வெட்டிக் காயப்போட்டிருக்கிறன், ஆரும் அந்தப் பக்கம் வந்தால் குடுத்துவிடுறன்.

மலைக்கெல்லாம் ஏறவேண்டாம் மகள். பாம்பு இருக்கும். பிள்ளைகளையும் ஏத்தாதே. அதிபரிட்டச் சொல்லு, உனக்கு ஏலாது எண்டு.

வேற விசேசம் இல்லை.

அன்புடன்,
சின்னம்மா மாகிரட்

—

திருகோணமலை,
02.03.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நானும் மெல்ரோயும் சுகம். உங்கள் சுகத்தையே நாடுகிறோம். நோன்பு என்பதால் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாத லீவு. வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

கோபிக்க வேண்டாம். போன சனிக்கிழமை மலைக்கு ஏறினேன். பதினான்கு பிள்ளைகள், இரண்டு தகப்பன்மார், நான். பாம்பு இல்லை. குரங்குதான். ஒரு பிள்ளை தின்னக் கொண்டுவந்த பணிஸைப் பறித்துக்கொண்டு போய்விட்டது.

அடிவாரத்துப் பெயர்ப்பலகையில் "வீரமலை" என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகள் யாரோ ஒரு ராசா சண்டை பிடித்த மலை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்த ஜவ்பர் என்பவர், ஐந்தாம் ஆண்டில் படிக்கும் ஒரு பிள்ளையின் தகப்பன், பெரிய சத்தமாகச் சிரித்தார். "வீரனும் இல்ல சூரனும் இல்ல ரீச்சர், வீரை மரம். பழம் தின்டிருக்கீங்களா?" என்று கேட்டார். பலகை எழுதினவர் ரைக்கு வரவேண்டிய கொம்பை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

உச்சியில் இரண்டு சுனை. எந்தக் கோடையிலும் வற்றாதாம். வெள்ளைக்காரன் நிலம் அளந்த காலத்தில் கல்லில் வெட்டின ஒரு அம்புக்குறி. பக்கத்தில் உடைந்த செங்கல் கட்டு ஒன்று. அதை ஒருவர் கோயில் என்கிறார், ஒருவர் விகாரை என்கிறார், இன்னொருவர் அவுலியா என்கிற ஒரு முஸ்லிம் மகான் தங்கின இடம் என்கிறார். நான் மலருக்கு "பழைய செங்கல் கட்டு" என்று மட்டும் எழுதப்போகிறேன். மேலே நின்றால் கடல் தெரிகிறது. கடலுக்குப் போகிறவர்கள் இந்த மலையைக் குறி வைத்துத்தான் வலை போடுகிற இடத்தைப் பிடிக்கிறார்களாம். ஜப்பான்காரன் துறைமுகத்துக்குக் குண்டு போட்ட காலத்தில் திருகோணமலை ரவுணில் இருந்து ஓடிவந்த சனம் இங்கே இருந்திருக்கிறது.

மலையில் பாதி உயரத்தில் ஒரு குகை இருக்கிறது. குகை என்றால் பெரிய பாறை ஒன்று முன்னுக்குச் சரிந்து நிற்கிற இடம். பத்துப் பேர் இருக்கலாம். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையிலும் சனம் அங்கே ஒளிந்திருந்ததாக ஜவ்பர் சொன்னார். "எங்கட உம்மாட்டக் கேளுங்க, அவவுக்குத்தான் முழுக்கத் தெரியும்" என்றார். லீவு முடியப் போய்க் கேட்கவேண்டும்.

சின்னம்மா, நாங்களும் அந்தப் பாதையால்தானே ஓடினோம் என்று நீங்கள் ஒருமுறை சொன்ன ஞாபகம். நான் வழியில் பிறந்தேன் என்பீர்களே, அது எந்த இடம்? உங்களுக்கு இந்த மலை தெரியுமா?

உங்கள் மகள்,
றஜிதா

—

மன்னார்,
09.04.2025

அன்பு மகளுக்கு,

உங்கள் ரெண்டுபேரையும் கர்த்தர் காப்பாராக. பதில் எழுதச் சுணங்கிப்போச்சு. தவக்காலம், விடுதியில வேலை கூட. ரெண்டு பிள்ளைகளுக்கு அம்மாள் வருத்தம் வந்து கொப்புளம் போட்டு, தனியாக வைச்சுப் பாத்தனான்.

கருவாடு கிடைச்சதோ? பாரைக் கருவாட்டை நேர பொரிக்காதே, சுடுதண்ணியில போட்டு எடு.

நான் ஒண்டு யோசிச்சனான். ரவுணுக்குள்ளயே இடமாற்றம் கேட்டு எழுதினால் என்ன? மெல்ரோயும் தனிய. எங்கட பாதரிட்டச் சொன்னால் அவருக்கு ஆக்களைத் தெரியும். யோசிச்சுச் சொல்லு.

உயிர்த்த ஞாயிறுக்கு முன்கூட்டியே வாழ்த்து.

சின்னம்மா மாகிரட்

—

திரியாய்,
11.05.2025

அன்புள்ள சின்னம்மா,

நீங்கள் சுகமாக இருக்கவேண்டும். நான் சுகம். என்னைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகாமல் ஜவ்பரின் வீட்டுக்குப் போனேன். அவருடைய உம்மாவின் பேர் ரபீக்கா. அறுபது வயதுக்குக் கிட்ட. மெலிந்த மனிசி. அந்த நேரம் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தா. நான் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு மலையைப் பற்றிக் கேட்டேன். அவ கதைக்கக் கதைக்க எழுதினேன்.

தொண்ணூறில், ஆனி மாதம், வெயில் நேரம், துவக்குச் சத்தம் கேட்டு ஆடுகள் சிதறிவிட்டதாம். அவ ஆடுகளைத் தேடி மலையடிக்கு வந்தபோது, மேலே குகைக்குள் ஒரு பொம்பிளை பிள்ளைப்பேற்று நோவோடு தனியாகக் கிடந்திருக்கிறா. ரபீக்காவும் அப்போது ஐந்து மாதக் கைப்பிள்ளைக்காரி. தான் பெற்றதைத் தவிர அவவுக்கு அந்த வேலை தெரியாது. ஆனாலும் பிள்ளையை எடுத்திருக்கிறா. தாய்க்குக் கடுமையான காய்ச்சல், பால் வரவில்லை. மூன்று நாள் அவதான் மலைக்கு ஏறி ஏறி அந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்திருக்கிறா. அந்த நேரம் ஊரில் யாருக்கும் சொல்ல ஏலாது. எங்கள் தமிழ் ஆட்களுக்கும் அவர்கள் ஆட்களுக்கும் எப்படி இருந்தது என்று உங்களுக்குத்தான் என்னைவிடத் தெரியும். நாலாம் நாள் அவவின் புருசன் ஸெய்னுதீன் தாயையும் பிள்ளையையும் தோணியில் கொக்கிளாய்க்குக் கொண்டுபோய் விட்டாராம்.

"அந்தப் புள்ள இப்ப எங்க இருக்கோ தெரியல்ல" என்றா. நான் மலருக்கு எழுதவேண்டும் என்பதால் அந்தத் தாயின் பேர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எமல்டா" என்றா.

சின்னம்மா, அது என் அம்மாவின் பேர். எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவ என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, "உங்கட பேர் என்ன ரீச்சர்? எல்லாரும் ரீச்சர் ரீச்சர் எண்டுதான் கூப்பிடுறாங்க" என்றா. சொன்னேன். அவ குழையைப் போட்டுவிட்டு எழும்பி வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தா. "அந்தப் பேர அவ எனக்கு முன்னாலதான் வெச்சா" என்றா.

ஜவ்பர் வேலையால் வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரபீக்கா சொன்னா: "டேய், உன்னோட கூடப் பால் குடிச்ச தங்கச்சிடா இது. எங்கட மார்க்கத்துல பால் குடிச்சாப் புள்ளதான்." அந்த மனிதர் முற்றத்தில் அப்படியே குந்திவிட்டார்.

இனி நான் அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடவேண்டுமாம்.

எனக்கு ஒரு விசயம் மட்டும் கேட்கவேண்டும். குகையில் அம்மா தனியாகக் கிடந்தா என்று ரபீக்கா சொல்கிறா. அம்மாவோடு தங்கச்சி ஒருத்தி வந்தவ என்றும் சொல்கிறா. நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

உங்கள் மகள்,
றஜிதா

—

திரியாய்,
08.06.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

சுகமா? நாலு கிழமையாகக் கடிதம் இல்லை. விடுதிக்குப் போன் எடுத்தேன், நீங்கள் சுகம் என்று சிஸ்டர் சொன்னா. அது போதும்.

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். ரபீக்கா உம்மா வீட்டில் எனக்கும் மெல்ரோய்க்கும் சாப்பாடு. "மாகிரட் வரமாட்டாவா?" என்று கேட்டா. உங்களுக்கு எழுதிக் கேட்கிறேன் என்று சொன்னேன்.

றஜிதா

—

மன்னார்,
17.06.2025

என்ர மகள் றஜிதாவுக்கு,

இண்டைக்கு உன்ர பிறந்தநாள். விடியப் பூசை ஒப்புக்குடுத்தனான். ஆண்டவர் உனக்கு நிறைஞ்ச ஆயுள் தரவேணும்.

நாலு முறை எழுதிக் கிழிச்சனான். இதைக் கிழிக்காமல் அனுப்பவேணும்.

அப்ப எனக்கு இருபது வயசு. நாங்கள் இறக்கக்கண்டியில இருந்தனாங்கள். உன்ர அப்பா ரவுணுக்குப் போனவர் திரும்பி வரேல்ல. சனம் எல்லாம் வடக்கால ஓடுது எண்டு நாங்களும் வெளிக்கிட்டனாங்கள். அக்காவால நடக்க ஏலாது. ரெண்டாம் நாள் கைத்தாங்கலா மலையில ஏத்தி அந்தப் பாறைக்குக் கீழ இருத்தினன். அடுத்த நாள் காலமை நோவு துவங்கிட்டுது. தண்ணி கேட்டா. மேல சுனை இருந்தது எனக்குத் தெரியாது. கிணறு தேடிக் கீழ இறங்கினன்.

அடிவாரத்தில துவக்குச் சத்தம் கிட்டக் கேட்டுது. ஒரு பத்தைக்குள்ள இருந்திட்டன். எவ்வளவு நேரமோ. பிறகு ஒரு பொம்பிளை ஆட்டைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தா. முக்காடு போட்டிருந்தா. நான் மேல கையைக் காட்டி, "அக்கா, பிள்ளை பிறக்கப்போகுது" எண்டு சொன்னன். அவ ஒண்டும் கேக்கேல்ல. ஏறிப் போனா.

நான் அவக்குப் பின்னால ஏறியிருக்கவேணும். ரெண்டு எட்டு வைச்சனான். அந்த நேரம் கடற்கரைப் பக்கம் சனம் ஓடுறதைக் கண்டன். வள்ளம் நிக்குது எண்டு ஆரோ கத்திச்சினம். நானும் ஓடினன். ஒருத்தரும் என்னை இழுத்துக்கொண்டு போகேல்ல மகள். நானாத்தான் ஏறினன். நானாத்தான் இருந்தன். வள்ளம் வெளிக்கிடேக்கயும் குதிக்கேல்ல.

ரெண்டு மாசத்துக்குப் பிறகு முல்லைத்தீவில முகாமுக்கு அக்கா உன்னையும் தூக்கிக்கொண்டு வந்தா. என்னைக் கண்டோண்ண, "நீ சாப்பிட்டியா?" எண்டுதான் கேட்டா. ஏன் விட்டிட்டுப் போனாய் எண்டு அவ ஒரு நாளும் கேக்கேல்ல. நானும் சொல்லேல்ல. உனக்கு அஞ்சு வயசு. மலேரியா வந்து அவ போகேக்க, உன்ர கையை என்ர கையில தந்தா. அப்பவும் கேக்கேல்ல. அவவுக்குத் தெரியுமோ தெரியாதோ எண்டு நான் இண்டைக்கும் யோசிக்கிறன்.

உன்னை வளத்தது பாவத்துக்குப் பரிகாரம் எண்டு நினைச்சிடாதே. துவக்கத்தில அப்பிடி இருந்திருக்கும். பிறகு நீ என்ர பிள்ளையாகிட்டாய், அவ்வளவுதான்.

அந்த மனிசியின்ர முகத்தில முழிக்க எனக்கு ஏலாது.

மாகிரட்

—

திரியாய்,
29.06.2025

என் அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். நீங்கள் நித்திரை கொள்கிறீர்களா? முதலில் அதை எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் வைத்து வாசித்தேன். இறங்கவேண்டிய இடத்தில் இறங்க மறந்து புல்மோட்டை வரைக்கும் போய்விட்டேன்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். இரண்டு நாள் இருந்தது. நீங்கள் ஓடியதற்காக அல்ல. சண்டை முடிந்து பதினாறு வருடம், பாதை திறந்து கிடக்கிறது, மன்னாரிலிருந்து விடிய பஸ் ஏறினால் பின்னேரம் இங்கே. அப்படியிருந்தும் எங்கள் உயிரைக் காப்பாற்றின ஒரு மனிசிக்கு ஒரு நன்றி சொல்லாமல் விட்டோமே என்பதற்காக. அந்தக் கடன் என்னுடையதும்தானே, எனக்குத் தெரியாமலே வைத்திருந்தீர்கள்.

மூன்றாம் நாள் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தலைமயிர் அவிழ்ந்து போனது. நான் பின்னிவிட்டேன். பின்னிக்கொண்டிருக்கும்போது கோபம் போய்விட்டது. நீங்கள் ஓடியதை நான் காணவில்லை சின்னம்மா. முகாமில் தண்ணீர் வரிசைக்கு நாலரைக்கு எழும்பிப் போய் வந்து, என் தலையைப் பின்னி, கிழிந்த சட்டையைத் தைத்து, பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுத் தையல் வேலைக்குப் போனீர்களே, அதைத்தான் கண்டேன். குண்டு விழுந்த அன்று என்னைக் கீழே போட்டு மேலே படுத்தீர்கள். காது போனது அன்றைக்குத்தானே. இவ்வளவு காலமும் நான் இதற்கு ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை. அம்மாவுக்கு யார் நன்றி சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

உங்களைக் கேட்காமல் ஒன்று செய்தேன். கடிதத்தை ரபீக்கா உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ சொல்லச் சொல்ல ஜவ்பர் நானாவின் மனைவி ஆதிலா எழுதினது இத்துடன் இருக்கிறது.

உங்கள் மகள்,
றஜிதா

—

வீரைமலையடி,
28.06.2025

மாகிரட் தங்கச்சிக்கு,

அல்லாஹ்ட காவலால நாங்க எல்லாரும் சுகம். நீங்களும் சுகமா இருக்க அவன்ட்ட துஆ கேக்கிறன். எனக்கு எழுத வராது, மருமகள் எழுதுறா.

நான் பெரிய தைரியசாலி எண்டு றஜிதா புள்ள நினைச்சிட்டிருக்கா. நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்க போல. உண்மையச் சொல்றன். நான் பயத்துலதான் மலைக்கு ஏறினன். கீழ வெடிச் சத்தம். மேல போனா ஒளிக்கலாம். நீங்க கையக் காட்டாட்டி நான் மத்தப் பக்கத்தால ஏறியிருப்பன். அந்தப் பக்கத்தால ஏறினா குகை தெரியாது. உங்கட ராத்தாவ, எமல்டாவ, நான் கண்டிருக்கவே மாட்டன். நீங்க சொன்னதாலதான் போனன். இத நீங்க கணக்குல எடுக்கல்ல.

இன்னொண்டு. உங்கட ராத்தா உங்களக் கேட்டா. "தண்ணிக்குப் போனவ எங்க?" எண்டா. நான் பொய் சொல்லல்ல. கடற்கரைக்கு ஓடினத மேல இருந்து கண்டன், வள்ளத்துல ஏறிட்டா எண்டன். அவ அந்த நோவுக்குள்ளயும் பெரிய மூச்சு ஒண்டு விட்டா. "நல்லம். அவளாவது தப்பட்டும்" எண்டா. பொறகுதான் புள்ள பொறந்திச்சு. அவவுக்கு எல்லாம் தெரியும் தங்கச்சி. தெரிஞ்சுதான் கேக்கல்ல.

நன்றி நன்றி எண்டு றஜிதா சொல்லிச் சொல்லி எனக்கு வெக்கமா இருக்கு. அந்த வருசம் நாங்களும் எவ்வளவோ இழந்தம். என்னோட கூடப் பொறந்த காக்கா மவுத்தாகி அடக்கினது அந்த ஆவணியில. அந்த நாளெல்லாம் நினைக்கக்குள்ள நல்லதா நினைக்க எனக்கு இருக்கிறது அந்த மூணு நாள்தான். அதுக்கு நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்.

வாங்க. என்ட முகத்துல முழிக்க ஏலாது எண்டு எழுதியிருக்கீங்க. வயசாகி நானும் முந்தின முகத்தோட இல்ல.

ரபீக்கா

—

மன்னார்,
14.07.2025

அன்பு மகளுக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம். நித்திரை கொள்ளுறன்.

அந்தக் கடிதத்தை எத்தினை தரம் வாசிச்சன் எண்டு தெரியாது. "அவளாவது தப்பட்டும்" எண்ட இடத்தில ஒவ்வொரு முறையும் நிண்டிடுறன்.

மடு மாதா திருநாள் முடிய, ஓகஸ்ட் இருபத்திரண்டாம் திகதி வருவன். பஸ் ஸ்ராண்டுக்கு வா. நான் தனிய அந்த வீட்டுக்குப் போகமாட்டன்.

சின்னம்மா

—

மன்னார்,
03.09.2025

அன்புள்ள ரபீக்கா அக்காவுக்கு,

உங்கட வீட்டில எல்லாரும் சுகமாயிருக்க மன்றாடுறன். நான் சுகமா வந்து சேந்தன். றஜிதாவும் மெல்ரோயும் வவுனியா வரைக்கும் வந்து பஸ் ஏத்திவிட்டவை. இது நான் உங்களுக்கு எழுதுற முதல் கடிதம். பிழை இருந்தால் ஆதிலா திருத்தி வாசிக்கட்டும்.

வரேக்க வழி நெடுகச் சொல்லவேண்டியதை மனசுக்குள்ள பாடமாக்கிக்கொண்டு வந்தனான். உங்கட படலையடியில எல்லாம் மறந்துபோச்சு. நீங்கள் கையைப் பிடிச்சு, "முதல்ல சாப்பிடுங்க" எண்டீங்கள். எங்கட அக்காவும் அண்டைக்கு அதைத்தான் கேட்டவ எண்டு எனக்கு அழுகை வந்திட்டுது. நீங்கள் உறைப்பு எண்டு நினைச்சுத் தயிர் போட்டீங்கள்.

அடுத்த நாள் மலைக்கு ஏறேக்க நான் அரைவாசியில நிண்டன். ஓம், களைப்பு எண்டு சொன்னன். களைப்பு இல்லை. நீங்கள் அதைக் கண்டுபிடிச்சிட்டீங்கள். ஒண்டும் கேக்காமல் பக்கத்துக் கல்லில இருந்திட்டீங்கள். ஜவ்பர் தம்பியும் றஜிதாவும் முன்னால சண்டை பிடிச்சுக்கொண்டு போகினம், சுனை ரெண்டோ மூண்டோ எண்டு. அதைப் பாத்துக்கொண்டிருக்கேக்க, எங்களுக்குக் கிடைச்சதைப் பார் எண்டு எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. பிறகு எழும்பி நடக்க ஏலுமாய் இருந்தது. குகைக்குள்ள நாங்கள் ரெண்டுபேரும் ஒண்டும் கதைக்கேல்ல. எனக்குக் காது கேளாது எண்டதால இல்லை.

வாயால சொல்ல வராததை எழுதுறன். நீங்கள் எங்கட அக்காவைக் காப்பாத்தினீங்கள், என்ர பிள்ளையைக் காப்பாத்தினீங்கள், இப்ப என்னையும். உங்களுக்கு நன்றி.

ஆதிலா தனக்கு நவம்பர் கடைசியில பிள்ளை பிறக்கிற திகதி எண்டு சொன்னா. மழைக்காலம், ஓடை பெருகினால் வாகனம் வராது, பெரியாஸ்பத்திரி தூரம் எண்டு நீங்கள் கவலைப்பட்டதைக் கவனிச்சனான். விடுதியில சிஸ்டரிட்டக் கேட்டு ஒரு மாச லீவு எடுத்திட்டன். நவம்பர் பத்தாம் திகதி வருவன். சமையல், உடுப்புத் தோய்க்கிறது, மத்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிறது எல்லாம் நான் பாப்பன். ஆதிலாவை ரவுணில றஜிதா வீட்டில கொண்டுபோய் முதலே வைச்சிருப்பம், ஆஸ்பத்திரி கிட்ட. பிள்ளை பிறக்கேக்க நான் கதவடியில நிப்பன்.

எனக்கு இப்பவும் பயம்தான் அக்கா. பயத்தோடயே நிப்பன்.

உங்கட தங்கச்சி,
மாகிரட்